காலெரிச்சலும் புழுங்கல் அரிசியும்

புக்கிட் ரம்பாயில் ஓர் அக்கா இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். மலாக்கா நகரத்துக்கு வடமேற்கே, தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரிலோ, ஜாசினிலோ, மெர்லிமாவிலோ எந்தத் தாமானிலும் இப்படி ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயது 48. அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். இவர் லயத்து வீட்டில் பிறந்தவர். பள்ளி விடுமுறையில் கட்டிப்பால் பொறுக்கியிருக்கிறார். பதினெட்டு வயதில் செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.

நாலு வருடமாக அவருக்கு உடம்பு வலி. பிடரியில் ஆரம்பித்துத் தோள்பட்டைக்கு இறங்கும். இடுப்பில் குடையும். ராத்திரி படுத்தால் உள்ளங்கால் எரியும். போர்வையைத் தள்ளிவிட்டுச் சிமெண்டுத் தரையில் காலை வைத்துக்கொள்வார். எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்காததுபோல எழுந்திருப்பார். அடுப்பில் எதை வைத்தோம் என்று மறந்துபோகிறது.

அரசு கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். "எல்லாம் நார்மல்தான், ஆன்ட்டி" என்றார்கள். தனியார் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். மூன்று நாள் நன்றாக இருந்தது. வாயு என்றாள் நாத்தனார். யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கடைசியில் வீட்டுக்காரரே சொன்னார்: "எதையாவது மனசுல போட்டுக் கொழப்பிக்கிற, அதான்."

அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் வலியைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. இந்த அத்தியாயத்தை அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த "நார்மல்". எந்தச் சோதனையும் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். எக்ஸ்ரே எலும்பைப் பார்க்கும், நரம்பைப் பார்க்காது. நரம்பில் மின்னோட்டம் விட்டு வேகத்தை அளக்கும் சோதனை பருத்த நரம்பு இழைகளைத்தான் அளக்கும்; எரிச்சலையும் சூட்டையும் சுமந்து செல்லும் மெல்லிய இழைகள் கெட்டுப்போயிருந்தாலும் அந்தச் சோதனை நன்றாகவே வரும். ரூமட்டாய்டு மூட்டுவாதம் முற்றிய சிலருக்கும் ரூமட்டாய்டு ஃபேக்டர் நெகட்டிவ் என்றே வரும். ஆகவே "நார்மல்" என்ற சொல்லுக்கு, தேடிய இடத்தில் இல்லை என்றுதான் பொருள். தேடவேண்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கே தேடுவது என்பதைக் கருவி சொல்லாது. நோயாளியின் கதைதான் சொல்லும்.

இதை மலாயா மண்ணே ஒருமுறை உலகத்துக்குக் காட்டியது. அந்தக் கதையில் நம் தாத்தா பாட்டிகளின் சோற்றுப் பானைக்கும் இடம் உண்டு.

1896இல் தான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். அந்தக் காலத்தில் ஈயச் சுரங்கங்களிலும் சாலை வேலைகளிலும் சிறைகளிலும் ஒரு நோய் மனிதர்களைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோனது. முதலில் கால் மரத்துப்போகும். கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலிக்கும். பாதம் எரியும். நடை தள்ளாடும். பிறகு கால் வீங்கி, நெஞ்சு படபடத்து, ஒரு நாள் இதயம் நின்றுவிடும். பெரிபெரி என்று பெயர் இருந்தது; காரணம் தெரியாது. மண்ணிலிருந்து கிளம்பும் கெட்ட ஆவி என்றார்கள். கட்டடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி என்றார்கள்.

மலாக்காவை ஒட்டிய நெகிரி செம்பிலானில் லெனர்ட் பிராடன் என்ற அரசு மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் ஏராளமாக வந்தது. அதே ஊரில், அதே வெயிலில், அதே சேற்றில் வேலை செய்த தமிழர்களுக்கு ஏறக்குறைய வரவே இல்லை. ஆவியும் கிருமியும் ஆள் பார்த்தா பிடிக்கும்? அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார். சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. 1907இல் பிராடன் இதை நூலாகவே எழுதினார். பச்சரிசியில் ஏதோ விஷம் சேருகிறது என்பது அவருடைய எண்ணம். விஷம் என்றது தவறு. அரிசி என்றது சரி.

அந்தச் சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர். கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் 1905இல் பெரிபெரி பரவியபோது, அங்கிருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கூடத்துக்கு. அவர்களுக்கு முன்புபோலவே சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மற்றொரு கூடத்துக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடு ஒன்றேதான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பச்சரிசிக் கூடத்தில் பலர் நோயில் விழுந்திருந்தார்கள். 18 பேர் செத்துப்போயிருந்தார்கள். புழுங்கல் அரிசிக் கூடத்தில் நோய் இருந்தவர்கள் இருவர். அந்த இருவரும் நோயோடு விடுதிக்குள் வந்தவர்கள்.

அந்த 18 பேரை நான் கடந்துபோக விரும்பவில்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று எந்த மருத்துவ நெறிக்குழுவும் அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது. நம் கால் நரம்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு அவர்கள் உயிரிலிருந்து வந்தது.

பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டுச் சாலையில் வேலை செய்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, இதே பதிலைப் பெற்றார்கள். அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் சத்து இருக்கிறது என்று கண்டார்கள். அது தயமின், அதாவது வைட்டமின் பி1, என்று உலகம் முழுமையாக அறிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1926இல் ஜாவாவில் பிரித்தெடுத்தார்கள், 1936இல் செயற்கையாகத் தயாரித்தார்கள். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் தயமின் அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நம் பாட்டிகளுக்கு வைட்டமின் தெரியாது. புழுங்கல் சோறு வயிற்றில் நிற்கும், உழைக்கத் தாங்கும் என்று தெரியும். அது போதுமானதாக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கண்டுபிடிப்பு உடம்பைத் திறந்து பார்த்ததிலிருந்து வரவில்லை. "யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, இருவரும் எதில் வேறுபடுகிறார்கள்" என்று கேட்டதிலிருந்து வந்தது.

அதே காலெரிச்சல் வேறு வேடத்திலும் வந்தது. சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த சி. கோபாலன் 1946இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எரியும் பாதம் என்ற நோய்க்குறியைப் பற்றி எழுதினார். பகலில் ஒன்றுமில்லை, இரவில் உள்ளங்கால் தீப்பற்றியதுபோல எரியும். வந்தவர்கள் ஏழைகள், வயிறாரச் சாப்பிடாதவர்கள். பி தொகுதியைச் சேர்ந்த பான்டோதெனிக் அமிலம் கொடுத்தபோது எரிச்சல் தணிந்ததாக அவர் பதிவு செய்தார். 1826இல் பர்மாப் போருக்குப் போன படையாட்களிடம் இதையே கண்டு எழுதிய கிரியர்சன் என்பவரின் பெயரோடு கோபாலன் பெயரும் அந்த நோய்க்குறிக்கு இருக்கிறது. இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியைக் கட்டியெழுப்பிய கோபாலன் 2019இல் தமது 100ஆம் வயதில் காலமானார்.

இன்று புக்கிட் ரம்பாயில் ஒருவர் கால் எரிகிறது என்றால் முதல் சந்தேகம் அரிசியில் எது குறைந்தது என்பதாக இராது; எது கூடியது என்பதாகவே இருக்கும். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. உயர்ந்த சர்க்கரை முதலில் மிக நீளமான நரம்புகளின் நுனியைத் தாக்குகிறது. அதனால்தான் எரிச்சல் காலுறை போட்ட அளவுக்குப் பாதத்திலிருந்து மேலேறுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும். பி12 குறைந்தாலும் கால் எரியும், மரக்கும், மறதி வரும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் எளிதில் குறையும். சர்க்கரையால் எரிகிறது என்று எல்லோரும் நினைத்திருக்க, காரணம் மாத்திரையில் இருக்கலாம். அதைச் சரிசெய்வதும் எளிது. ஆனால் மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "டாக்டர், எனக்கு பி12 பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

அறிகுறி ஒன்றுதான். 1905இல் தீட்டிய அரிசி, 1946இல் பட்டினி, இன்று சர்க்கரை.

நம் அக்காவின் கதையில் இன்னொரு வரி இருந்தது: மருந்து அடித்தார். கிளினிக்கில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, முப்பது வருடத்துக்கு முந்தைய கூலி வேலை இன்றைய வலிக்கு எதற்கு என்று நினைத்தார். தோட்டங்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். முதுகில் தொட்டி, கையில் குழாய், முகத்தில் ஒரு துண்டு. 2002இல் தெனாகனித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் வலையமைப்போடு சேர்ந்து, இந்தப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு அறிக்கை வெளியிட்டது. தலைச்சுற்றல், முதுகுவலி, வாந்தி, மூச்சுத்திணறல், தோல் அரிப்பு, தீராத அசதி என்று அவர்கள் பல வருடமாகச் சொல்லி, யார் காதிலும் ஏறாதவை அதில் எழுத்தில் வந்தன. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் கோலினெஸ்ட்ரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. மருந்து அடிக்கும் காலத்திலேயே ரத்தத்தில் அந்த நொதியை அளந்தால் நஞ்சேறியது தெரியும். ஆனால் யாராவது அளக்கச் சொல்லவேண்டும். புல்லுக்கு அடிக்கும் பாராகுவாட் வேறு வகை நஞ்சு. தோலையும் நகத்தையும் புண்ணாக்கும், வயிற்றுக்குள் போனால் நுரையீரலைக் கொல்லும். மலேசியா அதை 2002இல் தடை செய்ய முடிவெடுத்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடை செய்தது. அந்தத் தளர்த்தல் பெரும் பிழை என்பதே என் கருத்து. நோயறிதல் தாமதமானதால் அல்ல, நோயாளிகள் கூலிப் பெண்கள் என்பதால் இவ்வளவு காலம் பிடித்தது.

சிக்குன்குனியாவையும் சொல்லவேண்டும். 2008இல் ஜொகூரில் தொடங்கிய பெரும் பரவல் மலாக்காவுக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டுவலி சிலரை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விடாது. வலி தொடங்குவதற்கு முன் ஒரு காய்ச்சல் வந்ததா என்பது சின்னக் கேள்விதான். பல சமயம் அதுதான் சாவி.

இனி, வலியைச் சொல்லும் சொற்கள். ரொனால்ட் மெல்சாக் என்ற கனடிய உளவியலாளர் 1975இல் நோயாளிகள் வலிக்குப் பயன்படுத்தும் 78 சொற்களைத் தொகுத்து ஒரு வினாத்தாள் செய்தார். எந்தச் சொல் வருகிறது என்பதே நோயைக் காட்டும் குறிப்பு என்று அவர் கண்டார். தமிழில் அந்தச் செல்வம் நம் வாயிலேயே இருக்கிறது. எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்வது, ஷாக் அடித்ததுபோல என்றால் நரம்பு. விண்விண் என்று தெறித்தால் அழற்சியோ சீழோ. காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் ஒரு மணி நேரம் விறைத்து, வேலை செய்யச் செய்ய இளகினால் ரூமட்டாய்டு போன்ற மூட்டுவாதம். அதற்கு மாறாக, மாலையில் வேலை முடிந்த பிறகு வலி கூடினால் தேய்மானம். ஆனால் கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில், நமக்குச் சரளமில்லாத மலாயில், இவை எல்லாம் "சாக்கிட்" என்ற ஒரே சொல்லாக ஒடுங்கிவிடுகின்றன. நம் அக்கா இழந்தது அங்கேதான். மலாய் நன்றாகப் பேசும் பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். எரிகிறதா, குடைகிறதா, விறைக்கிறதா என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாம் கேட்டு, எல்லாம் பார்த்த பிறகும் சிலருக்குக் காரணம் கிடைப்பதில்லை. தைராய்டு சரி, வைட்டமின் டி சரி, பி12 சரி, சர்க்கரை சரி, மூட்டில் வீக்கம் இல்லை. ஆனாலும் உடம்பு முழுக்க வலி, உறக்கத்தில் ஓய்வில்லை, அசதி, மறதி. இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். 1990இல் அமெரிக்க ரூமட்டாலஜிக் கல்லூரி வகுத்த அளவுகோலில், உடம்பில் 18 இடங்களை அழுத்தி 11 இடத்திலாவது வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். 2010க்குப் பிறகு அழுத்திப் பார்ப்பதைவிட நோயாளி சொல்வதைக் கேட்பதற்கு முக்கியத்துவம் வந்தது. அந்த மாற்றத்துக்காகவே அந்த மருத்துவர்களை நான் மதிக்கிறேன்.

இது மனக்குழப்பம்தானா? 2002இல் ரிச்சர்ட் கிரேஸ்லி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் கட்டைவிரல் நகத்தை அழுத்திக்கொண்டே மூளையைப் படம் எடுத்தார்கள். நலமானவர்களுக்கு வலி தரத் தேவைப்பட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ பாதியே இவர்களுக்கு அதே வலியைத் தந்தது. மூளையில் வலிக்கான அதே பகுதிகள் விழித்துக்கொண்டன. அவர்கள் மிகைப்படுத்தவில்லை. நரம்பு மண்டலத்தில் ஒலி கூட்டும் திருகு மேலேறி அங்கேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. தண்டுவடத்தில் இப்படி ஒரு கூட்டல் நடக்கிறது என்று கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற ஆய்வாளர் 1983இலேயே காட்டியிருந்தார். உலக வலி ஆய்வுச் சங்கம் 2017இல் இந்த வகை வலியைக் காயத்தால் வரும் வலி, நரம்புச் சேதத்தால் வரும் வலி ஆகியவற்றோடு மூன்றாவது வகையாக ஏற்றுக்கொண்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீளும் இத்தகைய வலி தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆக, நம் அக்காவின் வலிக்குப் பட்டியலில் ஓர் இடம் உண்டு. வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கவேண்டும்.

இதற்கு மருந்து உண்டா? ஐரோப்பிய ரூமட்டாலஜி அமைப்பு ஆய்வுகளைச் சலித்து எடுத்தபோது, வலுவாகப் பரிந்துரைக்க முடிந்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். மெதுவாக, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகும் நடை. தூக்கத்தைச் சீராக்கும் சிறு அளவு மாத்திரைகள் சிலருக்கு உதவும். சிலாயாங் மருத்துவமனையில் வலி நிபுணர் மேரி கார்டோசாவும் அவருடைய குழுவும் 2002 முதல் மெனாங் என்ற பயிற்சித் திட்டத்தை நடத்தினார்கள்; மலாயில் அந்தச் சொல்லுக்கு ஜெயிப்பது என்று பொருள். நாட்பட்ட வலியோடு வருபவர்களுக்கு இரண்டு வாரம் உடற்பயிற்சி, மூச்சு, பயத்தைக் கையாளும் முறை எல்லாம் சொல்லிக்கொடுக்கும் திட்டம் அது. ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றதை அவர்கள் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். வலி முழுக்கப் போகும் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. வலி இருந்தும் வாழ்க்கை திரும்பும் என்றார்கள்.

ஒன்றைக் கண்டிப்போடு சொல்லவேண்டும். இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கும் மூட்டுவலி மருந்துகள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இத்தகைய பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டு எச்சரித்திருக்கிறார்கள். அது சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும், முகத்தை உப்பவைக்கும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதோடு, உண்மையான நோயின் தடயங்களை மூடிவிடும். டாக்டர் எதைத் தேடினாலும் கிடைக்காது. பொட்டலத்தில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று மறைக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாத வலியும் உண்டு. காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், கை கால் பலம் இழப்பது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, தூக்கத்திலிருந்து எழுப்பி நாளுக்கு நாள் கூடும் முதுகுவலி: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த தேதிவரை பொறுக்காமல் அன்றே போய்விடுங்கள்.

மற்றபடி, அக்கா, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்முன் ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். வலி எந்த வருடம், எந்த இடத்தில் தொடங்கியது என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு முன் வந்த காய்ச்சல், செய்த வேலைகள், அடித்த மருந்துகள் எல்லாம் இரண்டாம் பக்கத்தில். இரண்டு வாரத்துக்கு, காலையில் எவ்வளவு நேரம் விறைக்கிறது, ராத்திரி எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்று தினம் ஒரு வரி. சாப்பிடும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் நார்மல்" என்று மறுபடியும் சொன்னால் நோட்டைத் திறந்து வைத்து, "சரி டாக்டர், இன்னும் எதைப் பார்க்கவில்லை?" என்று கேளுங்கள். நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கடிதம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான்.